ஆறக் கூடாத காயம்

உடம்பில் எங்கே கத்தி பட்டாலும் மருத்துவர் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: காயம் மூட வேண்டும், தழும்பு கெட்டிப்பட வேண்டும். குடலிறக்கம், சிசேரியன், பிள்ளையின் முழங்கால் சிராய்ப்பு எல்லாவற்றுக்கும் இதே விதி. கிளாகோமா அறுவை சிகிச்சை மட்டும் இந்த விதிக்குள் அடங்காது. வெண்விழியில் மருத்துவர் ஒரு சிறு வழியைத் திறந்து வைக்கிறார். அது மூடிக்கொண்டால் அறுவை தோற்றுவிட்டது என்று பொருள். மேலே போர்த்தியிருக்கும் சவ்வு ஆற வேண்டும். அதன் அடியில் இருக்கும் வழி ஆறக் கூடாது. உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியாது, இரண்டையும் ஒரே வேகத்தில் மூடப் பார்க்கும். அறுவைக்குப் பிறகு வரும் சொட்டு மருந்துகள், தடைகள், 'அடுத்த வாரம் வாங்க' என்று முடிவில்லாமல் நீளும் மறுவரவுகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை இந்த இழுபறியில் பிறந்தவை.

கண்ணுக்குள் ஓயாமல் ஒரு நீர் சுரக்கிறது. கண்ணீர் வேறு, அது வெளியே இருப்பது. இந்த உள்நீர் ஐரிஸுக்குப் பின்னால் சுரந்து, பாப்பா வழியாக முன்னால் வந்து, கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் மூலையில் உள்ள சல்லடைத் திசு வழியாக வடிந்து இரத்தத்தில் கலக்கிறது. சுரக்கும் அளவு நிமிடத்துக்கு 2 முதல் 2.5 மைக்ரோலிட்டர். நாள் முழுவதும் சேர்த்தாலும் ஒரு டீஸ்பூன் நிறையாது. ஆனால் வடிகால் சற்றே அடைத்துக்கொண்டாலும் உள்ளே அழுத்தம் ஏறும். பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு என்கிறார்கள். சிலருடைய பார்வை நரம்பு அந்த எல்லைக்குள்ளேயே நலிந்துவிடுவதும் உண்டு. ஏரிக்கு வரத்து நிற்காது. மதகு தூர்ந்துபோனால் கலிங்கு வெட்டித்தான் கரையைக் காப்பாற்ற வேண்டும். கிளாகோமா அறுவை அந்தக் கலிங்கு வெட்டும் வேலை. (வெளிநோயாளிகள் வரிசையில் 'பிரஷர்' என்ற சொல் படுத்தும் பாடு தனிக்கதை. 'பிபி மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறேனே, கண்ணுல எப்படி பிரஷர் வந்துச்சு?' என்று கேட்பவர்கள் நிறைய. இரத்த அழுத்தமும் கண் அழுத்தமும் வெவ்வேறு.)

இந்த வேலையின் வரலாற்றில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1819-இல் தொடங்கிய மதராஸ் கண் மருத்துவமனை பிறகு எழும்பூருக்கு இடம் மாறியது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட், 1909-இல் ஒரு புதிய முறையை வெளியிட்டார். வெண்விழியும் கார்னியாவும் சேரும் விளிம்பில், சிறு வட்டத் துளைப்பான் ஒன்றைக் கொண்டு 2 மில்லிமீட்டர் அளவில் ஒரு வில்லையை வெட்டி எடுத்துவிடுவார். மேலே மெல்லிய சவ்வு மட்டும் மூடியிருக்கும். எலியட்டின் துளை என்று இது உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. எலியட் பாம்பு விஷத்தையும் ஆராய்ந்தவர். ஓய்வுபெற்று லண்டன் போன பின், அங்கிருந்த மாயவித்தைக்காரர்களின் சங்கத்தில் சேர்ந்து, இந்தியக் கயிற்று வித்தையை உண்மையிலேயே செய்துகாட்டுபவருக்கு 500 கினி பரிசு என்று அறிவித்த குழுவுக்குத் தலைவராக இருந்தார். பரிசை யாரும் வாங்கவில்லை.

எலியட்டின் துளையில் ஒரு சிக்கல் இருந்தது. தடுப்பே இல்லாத திறப்பு என்பதால் நீர் அளவுக்கு மீறி வடிந்து கண் தளர்ந்துபோகும். மேலிருந்த சவ்வு மெலிந்து, பல ஆண்டு கழித்துக்கூடக் கிருமி நுழைய இடம் கொடுக்கும். 1968-இல் கேம்பிரிட்ஜில் ஜான் கெய்ர்ன்ஸ் இதற்கு மாற்றாக முன்வைத்ததுதான் டிராபெகுலெக்டமி. வெண்விழியின் பாதித் தடிமனில் ஒரு சிறு கதவைச் சீவி, அதன் அடியில் துளையிட்டு, கதவைத் திரும்ப மூடித் தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் தைத்துவிடுவது. நீர் கதவின் ஓரங்களில் கசிந்து, சவ்வின் அடியில் தேங்கி, மேல் இமைக்குள் ஒளிந்த ஒரு சிறு கொப்புளமாக நிற்கும். அங்கிருந்து மெல்ல உறிஞ்சப்படும். கெய்ர்ன்ஸ் எதிர்பார்த்தது வேறு. வெட்டுப்பட்ட இயற்கைக் கால்வாயின் முனைகளுக்குள் நீர் போய்விடும், கொப்புளம் தேவையில்லை என்று அவர் நினைத்தார். கொப்புளம் எழுந்த கண்களில்தான் அழுத்தம் நன்றாக இறங்கியது என்பது பிறகு தெரிந்தது. இன்று மருத்துவர் ஒவ்வொரு மறுவரவிலும் மேல் இமையைத் தூக்கி முதலில் பார்ப்பது அந்தக் கொப்புளத்தைத்தான்.

அதை அழிக்கப் பார்ப்பது தழும்பு. வெட்டுப்பட்ட இடத்துக்கு நார்த்திசுச் செல்கள் ஓடிவந்து கொலாஜன் இழைகளைப் பின்னத் தொடங்கும். இளையவர்களிடம் இது வேகமாக நடக்கும். முன்பே ஓர் அறுவை ஆன கண்ணிலும், ஆண்டுக்கணக்காகச் சொட்டு மருந்து விட்டு அதிலுள்ள பதப்படுத்தும் இரசாயனத்தால் சிவந்துபோன கண்ணிலும் அப்படியே. இதைத் தடுக்கப் புற்றுநோய்க்கான மருந்து ஒன்று கண்ணுக்கு வந்து சேர்ந்தது. மைட்டோமைசின்-சி, ஜப்பானில் மண் நுண்ணுயிரி ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அறுவையின்போது சில நிமிடங்கள் மட்டும் அதைப் பஞ்சில் நனைத்து வைத்தெடுத்தாலோ, ஊசியால் சிறிது செலுத்தினாலோ, அந்த இடத்துச் செல்கள் பெருகும் திறனை இழக்கின்றன. 1980-களில் கிளாகோமா அறுவைக்குள் வந்த இந்த மருந்து வெற்றி விகிதத்தை உயர்த்தியது. கூடவே, சவ்வு மெலிந்துபோகும் பழைய ஆபத்தையும் ஓரளவு திரும்பக் கொண்டுவந்தது.

அறுவை முடிந்தபின் அந்தக் காவலை ஏற்பது ஸ்டீராய்டு சொட்டு. முதல் நாட்களில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றுகூட எழுதுவார்கள். பிறகு மெல்லக் குறைத்து இரண்டு மூன்று மாதம்வரை நீட்டுவார்கள். விவரம் தெரிந்த நோயாளி இங்கே கலவரப்படுவது இயற்கை. 'ஸ்டீராய்டு சொட்டு கிளாகோமாவை உண்டாக்கும்னுதானே சொன்னீங்க?' உண்மைதான், மருத்துவர் பார்வையில்லாமல் மாதக்கணக்கில் விட்டால் சிலருக்கு வடிகால் சல்லடை இன்னும் அடைக்கும். ஆனால் அறுவை செய்த கண்ணில் நீர் அந்தச் சல்லடையைச் சுற்றிக்கொண்டு புது வழியில் போகிறது. அந்த வழி தழும்பாகாமல் காப்பதே இப்போதைய முதல் வேலை. கண் வெளுத்துவிட்டது, உறுத்தல் நின்றுவிட்டது என்று மூன்றாவது வாரத்தில் தாமாகவே சொட்டை நிறுத்துகிறவர்கள் தங்கள் அறுவையைத் தாங்களே மூடிக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கண் ஆபரேஷன் என்றதும் புரை ஆபரேஷன்தான் நினைவுக்கு வரும். முகாம், பேருந்து, மறுநாள் கட்டுப் பிரிப்பு, எதிரே நிற்கும் மகளின் முகம் பளிச்சென்று தெரிவது. அதே எதிர்பார்ப்போடு கிளாகோமா நோயாளியின் கட்டுப் பிரிக்கும்போது சுற்றி நிற்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். பார்வை முன்பைவிட மங்கலாக இருக்கும், சில வாரங்கள் அப்படியே நீடிக்கலாம். தையல் கார்னியாவின் வளைவைச் சற்று இழுத்திருக்கும். அழுத்தம் திடீரென இறங்கியிருக்கும். பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டிருந்தால் கிட்டத்தில் உள்ள எழுத்து தெரியாது. இவை பெரும்பாலும் தெளிந்துவிடும், கண்ணாடியை இரண்டு மூன்று மாதம் கழித்து மாற்றினால் போதும். ஆனால் தெளிந்தபின்னும் அறுவைக்கு முந்தைய பார்வையைவிடக் கூடுதலாக எதுவும் வராது. பார்வை நரம்பில் ஏறக்குறைய 10 லட்சம் இழைகள் உண்டு, இறந்துபோனவை மீள்வதில்லை. மிச்சமிருப்பதைக் காப்பதற்குத்தான் இவ்வளவும். அறுவைக்கு முன்பே இதை நோயாளியிடமும், அதைவிட முக்கியமாக அவரைப் பார்க்க ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வரப்போகும் சொந்தக்காரர்களிடமும் சொல்லிவைப்பது நல்லது. 'ஆபரேஷன் பண்ணியும் சரியாத் தெரியலையா?' என்ற ஒரு கேள்வி பலரை மறுவரவிலிருந்தே துரத்திவிடுகிறது.

காப்பதால் பயன் உண்டா என்றால், உண்டு. முற்றிய கிளாகோமா நோயாளிகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்றின் முடிவு 2000-இல் வெளியானது. பரிசோதனைக்கு வந்த ஒவ்வொரு முறையும் அழுத்தம் 18-க்குக் கீழே இருந்த கண்களில், சராசரியாகப் பார்த்தால், பார்வைப் பரப்பு ஏறக்குறைய அப்படியே நின்றது. அந்தக் கண்களின் சராசரி அழுத்தம் 12-ஐ ஒட்டி இருந்தது. 'ஒவ்வொரு முறையும்' என்பதை அடிக்கோடிட வேண்டும். அவ்வப்போது இறங்கினால் போதாது.

முதல் சில வாரங்களில் ஆபத்து இரு பக்கமும் உண்டு. வழி மூடினால் அழுத்தம் ஏறும். அதிகம் திறந்தால் 5, 6-க்கும் கீழே சரியும். அதனால்தான் அறுவையாளர் வேண்டுமென்றே கதவை இறுக்கித் தைத்துவிட்டு, பிறகு வெளிநோயாளிப் பிரிவில் வைத்தே லேசரால் ஓர் இழையை அறுப்பார், அல்லது உருவி எடுக்கத் தக்கபடி போட்ட தையலை உருவுவார். கொப்புளம் தட்டையாகிக்கொண்டே போனால் மெல்லிய ஊசி முனையால் தழும்பைக் கீறிவிடுவதும் உண்டு. இதையெல்லாம் கேட்டதும் வீட்டில் 'முதல் ஆபரேஷன் சரியாப் பண்ணலையாம்' என்று பேச்சு கிளம்பும். அப்படியில்லை. அறுவை அரங்கில் நடப்பது பாதி. மீதிப் பாதி இந்த மறுவரவுகளில் நடக்கிறது. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வருகிறேன் என்பது இந்த அறுவைக்குப் பொருந்தாது.

அழுத்தம் குறைந்த கண் தளர்ந்த கண். அதன் பின்புற இரத்தக் குழாய்களுக்குத் தாங்கு போய்விடுகிறது. முக்கினாலோ தலைகீழாகக் குனிந்தாலோ தலையின் சிரைகளில் அழுத்தம் ஏறும்; முதியவர் கண்ணில் அந்த நேரம் ஒரு குழாய் வெடித்தால், உள்ளே பெருகும் இரத்தம் மிச்சப் பார்வையையும் பறித்துவிடும். அரிதுதான், ஆனால் தடைகள் எல்லாம் இதற்காகத்தான். வாசலில் குனிந்து கோலம் போடுவது, குடம் தூக்குவது, கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, ஓடிவரும் பேரனை வாரி எடுப்பது எல்லாவற்றையும் ஒத்திப்போட வேண்டும். சாமி முன்னால் விழுந்து கும்பிடுவதை நின்று கும்பிடுவதாகவும், தொழுகையை நாற்காலியில் அமர்ந்து தொழுவதாகவும் மாற்றிக்கொள்ளலாம். மலச்சிக்கலைச் சொல்ல வெட்கப்படக் கூடாது. விடாத இருமலையும் சொல்ல வேண்டும், இரண்டுக்கும் மருந்து உண்டு. நாகசுரம் போல மூச்சை அடக்கி ஊதும் கருவி வாசிப்பவர் தம் தொழிலை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகள் எத்தனை வாரம் என்பதை அளந்து பார்த்த அழுத்தம்தான் முடிவு செய்யும், பக்கத்துப் படுக்கைக்காரரின் அனுபவம் அல்ல.

மறுபுறம், தேவையே இல்லாத தடைகளும் வீட்டில் தாமாக முளைக்கும். டிவி பார்க்காதே, செய்தித்தாள் படிக்காதே என்பார்கள். பார்ப்பதாலும் படிப்பதாலும் இந்தக் கண்ணுக்கு எந்தக் கெடுதியும் இல்லை, களைத்தால் மூடிக்கொண்டால் போதும். பத்தியமும் வேண்டாம். கத்தரிக்காய் தின்றால் புண் ஆறாது என்ற பாட்டியின் சொல் மட்டும் உண்மையாக இருந்திருந்தால் கிளாகோமா மருத்துவர்கள் அதை மூன்று வேளையும் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

கொப்புளம் மேல் இமைக்கு அடியில் இருக்கிறது என்பதை மனத்தில் வைத்தால் பல வேலைகளுக்கு வழி தானே தெரியும். சொட்டு விடக் கீழ் இமையை மட்டும் இழுக்க வேண்டும். மேல் இமையை அழுத்தக் கூடாது. தூக்கத்தில் கை தானாகப் போய்க் கசக்கிவிடும் என்பதால் இரவில் கண்ணுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி. தலைக்குக் குளிப்பதைத் தள்ளிப்போட்டு, பிறகு குளிக்கும்போது பின்னால் சாய்ந்து வேறொருவரைத் தலையை அலசச் சொல்லலாம். சீயக்காயோ ஷாம்பூவோ எரிச்சல் தந்தால் யாரும் கண்ணைக் கசக்காமல் இருக்க மாட்டார்கள். பீளை கட்டினால் கொதித்து ஆறிய நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் மெல்லத் துடைக்கலாம். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு இவற்றில் ஒரு துளிகூட இந்தக் கண்ணுக்குள் போகக் கூடாது. கிருமிக்கும் கண்ணின் உட்புறத்துக்கும் இடையில் இப்போது நிற்பது மெல்லிய சவ்வு ஒன்றுதான்.

சொட்டு விடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. புட்டியிலிருந்து விழும் ஒரு துளி 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கண்ணின் கொள்ளளவு அதிகபட்சம் 30-ஐ ஒட்டித்தான். இரண்டாவது துளி கன்னத்துக்குத்தான் போகிறது. ஒரு துளி விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்து உள்மூலையை விரல் நுனியால் இரண்டு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காமல் கண்ணில் தங்கும். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி. அடியில் படியும் வகை ஸ்டீராய்டு என்றால் குலுக்காமல் விட்டால் மேலாக இருக்கும் தண்ணீர்தான் விழும். புட்டியின் நுனி இமையில் படக் கூடாது. திறந்து ஒரு மாதமானால் தூக்கிப் போட வேண்டும்.

இதைவிடப் பெரிய குழப்பம் இரண்டு கண்களுக்கும் இடையில் நடக்கிறது. அறுவை ஆன கண்ணில் பழைய கிளாகோமா சொட்டுகளைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்வார்கள். ஆகாத கண்ணில் அவற்றைத் தொடரச் சொல்வார்கள். வீட்டில் இது 'ஆபரேஷன் ஆயிடுச்சு, இனிப் பழைய மருந்து வேண்டாம்' என்று சுருங்கி, மற்றக் கண் மாதக்கணக்கில் காவலின்றிக் கிடக்கும். மருத்துவமனையை விட்டு வரும்போது கையில் தரும் தாளில் எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருப்பது இதற்கு ஒரு காரணம். அதைத் தமிழில் எழுதித் தர எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும். அதுவரை, செவிலியரிடம் கேட்டு, வலக்கண் புட்டிகளுக்கு ஒரு டப்பா, இடக்கண் புட்டிகளுக்கு வேறு நிறத்தில் இன்னொரு டப்பா என்று பிரித்துவைப்பது உதவும்.

எல்லோருக்கும் டிராபெகுலெக்டமி பொருந்தாது. தழும்பு மிகுந்த கண்களில் ஒரு மெல்லிய சிலிக்கோன் குழாயைக் கண்ணுக்குள் நுழைத்து, மறுமுனையை வெண்விழியின் பின்புறம் தைத்த தட்டு ஒன்றோடு இணைப்பார்கள். ஆந்தனி மோல்ட்டெனோ 1960-களின் இறுதியில் தொடங்கிவைத்த வழி இது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 2013-இல் இதில் ஒன்றைக் குறைந்த விலையில் தயாரித்து, வெளிநாட்டுக் கருவி வாங்க முடியாதவர்களுக்கும் எட்டச் செய்தது. அதில் வால்வு கிடையாது. தட்டைச் சுற்றித் திசு உறை உருவாகும்வரை குழாயைத் தானே கரையும் நூலால் கட்டிவைப்பார்கள். ஐந்தாறு வாரத்தில் நூல் கரைந்ததும் குழாய் திறக்கும், அழுத்தம் சட்டென்று விழும். ஆகவே முதல் மாதம் அழுத்தம் குறையவில்லையே என்று துவளவும் வேண்டாம். ஐந்தாறாவது வாரத்தில் பார்வை திடீரென மங்கினால் அலட்சியமும் வேண்டாம்.

மாதங்கள் ஓடியபின் பெரும்பாலானோர் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பிவிடுவார்கள். சிரசாசனம் மட்டும் வேண்டாம். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 75 யோகப் பயிற்சியாளர்களை அளந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கானது. இறுக்கமான நீச்சல் கண்ணாடியும், நோயாளி தாமாக வாங்கிப் போடும் கான்டாக்ட் லென்ஸும் கொப்புளத்துக்கு ஆகாதவை. கண்புரை சற்று முந்தி வரலாம். புரை அறுவையே கொப்புளத்தைத் தழும்பாக்கிவிடக்கூடும் என்பதால், அதைச் செய்பவர் கிளாகோமா மருத்துவரைக் கலந்துகொள்வது நல்லது.

கொப்புளம் இருக்கும்வரை கிருமி நுழையும் வாய்ப்பும் இருக்கும். அறுவை முடிந்து பத்து ஆண்டு ஆகியிருந்தாலும், அந்தக் கண் திடீரெனச் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால், அது மற்றவர்களுக்கு வருகிற மெட்ராஸ் ஐ அல்ல என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். மருந்துக்கடையில் சொட்டு வாங்கி இரண்டு நாள் பார்ப்பது கண்ணையே இழக்கச் செய்யும். ஞாயிறு இரவானாலும் கண் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வாக்கியமாக 'இந்தக் கண்ணில் கிளாகோமா ஆபரேஷன் ஆகியிருக்கிறது' என்று சொல்ல வேண்டும். மேல் இமைக்குள் மறைந்திருப்பதைப் பணியிலிருக்கும் இளம் மருத்துவர் தூக்கிப் பார்க்காமல் விட்டுவிடக்கூடும். காரணமில்லாமல் கண்ணில் நீர் ஒழுகுவதும் கொப்புளம் கசிகிறது என்பதன் அறிகுறியாக இருக்கலாம். மஞ்சள் நிறச் சாயத்துளி ஒன்றை விட்டு நீல ஒளியில் பார்த்தால் மருத்துவருக்குக் கசிவு தெரிந்துவிடும்.

சொட்டில்லாமலே அழுத்தம் கட்டுக்குள் இருந்தாலும் ஆண்டுதோறும் பார்வைப் பரப்புச் சோதனையும் நரம்பு ஸ்கேனும் தொடரும். இந்த மறுவரவுகளுக்குத் துணையாக வருவது பெரும்பாலும் தம்பி, தங்கை, மகன், மகள் யாராவதுதான். கிளாகோமா வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமுள்ளவர்களும் இவர்களே. அரவிந்த் மருத்துவமனையினர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 2003-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், 40 வயதைக் கடந்தவர்களில் 2.6 சதவீதம் பேருக்குக் கிளாகோமா இருந்தது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதுவரை தமக்கு நோய் இருப்பதே தெரியாதவர்கள். துணைக்கு வந்தவர் எப்படியும் அந்த வரிசையில் அரை நாள் உட்காரத்தான் போகிறார். அவர் பெயருக்கும் ஒரு சீட்டுப் போட்டுவிடலாம்.